ட்ரெமலோவை மிதமிஞ்சி ஓட்டுவது எப்படி? தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

கடையில் விற்கும் ட்ரெமலோ பெடல்களின் வேகம் பெரும்பாலும் ஒரே வரம்புக்குள்தான் நிற்கும். குமிழை இடது கோடிக்குத் திருப்பினால் வினாடிக்கு ஒரு துடிப்பு, வலது கோடியில் பத்துப் பன்னிரண்டு துடிப்பு. பாட்டுக்குப் பின்னால் அசைந்து போகும் கித்தாருக்கு அது போதும். கித்தார் கலைஞர் போ டிட்லி 1955இல் தன் பெயரிலேயே வெளியிட்ட பாட்டின் துடிப்பும் இந்த வரம்புக்குள் அடங்கியதுதான். அந்த வேலியை உடைத்து 30, 60, 100 என்று வேகத்தை ஏற்றினால் துடிப்பு காணாமல் போய்விடும். அதன் இடத்தில் மணியோசைக்கும் இயந்திரக் குரலுக்கும் நடுவில் நிற்கிற ஓர் ஒலி வரும். இந்தக் கட்டுரை அந்த ஒலிக்காகத்தான்.

"ஒரு கெபாசிட்டரை மாற்றினால் போதும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது பாதி உண்மை. வேகம் ஏறும், ஆனால் பல பெடல்களில் ஆழம் செத்துவிடும். ஏன் அப்படி, அதற்கு என்ன செய்வது என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மலாக்காவின் செங்கிலும் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் இருப்பவர்களுக்கு மின்னணுச் சாமான் அந்நியமல்ல. பக்கத்தில் பத்து பெரண்டாம் தடையற்ற வணிக மண்டலம் இருக்கிறது. 1970களில் மலாக்காவுக்கு வந்த நேஷனல் செமிகண்டக்டர் 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸோடு சேர்ந்தது. அங்கேயே இருந்த சீமென்ஸின் சிப் பிரிவு 1999இல் இன்ஃபினியனாகப் பெயர் மாறியது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று ஷிப்டும் ஐசியோடு புழங்கியவர்கள். வீட்டு மேசையில் ஒரு பெடலைத் திறக்க நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

## 20 ஹெர்ட்ஸைத் தாண்டினால் என்ன ஆகிறது?

ட்ரெமலோ என்பது ஒலியளவை ஏற்றி இறக்குவது. சுருதியை அது தொடாது. கர்நாடக இசையின் கம்பிதத்தில் ஸ்வரமே அசையும், இங்கே ஸ்வரம் நிற்கும், சத்தம் மட்டும் அசையும். வினாடிக்கு ஏறக்குறைய 20 தடவை வரை காது அந்த ஏற்ற இறக்கத்தைத் தனித்தனியாக எண்ணும். அதற்கு மேலே எண்ண முடியாமல் போய், ஏற்ற இறக்கத்தையே புது ஓசைகளாகக் கேட்கத் தொடங்கும்.

ஐந்தாம் கம்பியைத் திறந்தபடி மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதை 30 ஹெர்ட்ஸ் சைன் அலையால் ஆட்டினால் 110 அப்படியே இருக்க, 80, 140 என்று இரண்டு ஓசைகள் கூடுதலாகப் பிறக்கும். ஒன்று கழித்தது, மற்றது கூட்டியது. ஆழம் முழுதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மூல ஓசையின் பாதி வீச்சு இருக்கும். சைனுக்குப் பதில் சதுர அலை கொடுத்தால் 90, 150 என்று ஒற்றைப்படை மடங்குகள் தள்ளியும் ஓசைகள் முளைக்கும். கித்தார் ஓசையில் ஏற்கெனவே இருக்கும் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றுக்கும் இதே கூத்து நடக்கும் என்பதால்தான் உலோகம் அதிர்வது போன்ற அந்தக் கலவை கிடைக்கிறது.

இந்த வித்தையை உலகம் முழுதும் பிரபலப்படுத்தியது கித்தார் அல்ல. 1963 டிசம்பரில் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் டாலெக் என்னும் இயந்திரப் பிறவிகள் வந்தன. அவற்றின் கரகரப்புக் குரல், மனிதக் குரலை 30 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கிச் செய்தது. அங்கே பயன்பட்டது ரிங் மாடுலேட்டர். அது மூல ஓசையை அமுக்கிவிட்டுப் புதிய இரண்டை மட்டும் வெளியே விடும். நம் ட்ரெமலோ மூல ஓசையையும் வைத்துக்கொள்ளும். மெட்டு முழுக்கக் கரைந்து போகாமல் இருக்க அது வசதி.

நம்மூர்க் காதுக்குச் சொல்வதானால், சதுர அலையில் 25 ஹெர்ட்ஸ் வைத்துத் தாழ்கம்பியை மீட்டும்போது வரும் உறுமல், மாசி மகத்தன்று சன்னாசிமலை ஆண்டவர் கோயில் பக்கம் கேட்கும் உருமியின் இழுப்புக்கு உறவுக்காரன்.

## எந்தப் பெடல் ஏற்றது?

அனலாக் பெடலாக இருக்க வேண்டும்; டிஜிட்டல் பெடலின் வேகம் நிரலுக்குள் இருக்கிறது, சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலையில்லை. பலகையில் காலுள்ள சாமான்கள் தெரிய வேண்டும். அரிசிக் குருணை அளவு சாமான்கள் மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம். நீங்களே பூட்டும் கிட் வகைப் பெடல்தான் எல்லாவற்றிலும் நல்லது. வரைபடம் கையில் இருக்கும், உத்தரவாதம் போய்விடுமே என்ற கவலையும் இல்லை.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ட்ரெமலோவைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தேங்கி நிற்கும். 9 வோல்ட் பெடலில் அந்த ஆபத்து கிடையாது.

## பெடலுக்குள் இருக்கும் இரண்டு பகுதிகள்

ஒன்று, வேகத்தை உண்டாக்கும் அலையாக்கி. மற்றது, அந்த அலைக்குக் கீழ்ப்படிந்து ஒலியளவை ஏற்றி இறக்கும் பகுதி. அலையாக்கி பெரும்பாலும் இரண்டு ஆப்-ஆம்ப் கொண்ட ஓர் எட்டுக்கால் ஐசி, டிஎல்072 அல்லது டிஎல்062. ஒலியளவை ஆட்டும் வேலையை எல்இடியும் ஒளியை உணரும் ரெசிஸ்டரான எல்டிஆரும் சேர்ந்து செய்யலாம், ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர் ஒன்று செய்யலாம், அதற்கென்றே பிறந்த எல்எம்13700 போன்ற ஐசியும் செய்யலாம். கடைசியில் சொன்னது நேஷனல் செமிகண்டக்டரின் படைப்பு. உங்கள் பெடலில் அது இருந்தால் படி 5ஐத் தாண்டிப் போய்விடலாம். எந்த வேகத்துக்கும் அது ஈடுகொடுக்கும்.

## படி 1: சாமான் சேர்ப்பது

100 நானோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், சின்ன டாகிள் சுவிட்ச், சி வகை 500 கே பொட் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு ரெசிஸ்டர்), 10 கே பொட், சில ரெசிஸ்டர்கள், 100 மைக்ரோ எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டர். எல்டிஆரை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஜே113 ஜேஃபெட் ஒன்றிரண்டு, 100 கே டிரிம்மர், துண்டு வீரோபோர்டு. கோலாலம்பூருக்குப் போகிறவர்களுக்கு ஜாலான் பாசார் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மற்றவர்களுக்கு இணையக் கடைகள் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள். சாமானின் விலையைவிட அனுப்பும் செலவுதான் கூடுதலாக இருக்கும்.

கெபாசிட்டரின் மேல் அச்சிட்ட எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்: 103 என்றால் 10 நானோ, 104 என்றால் 100 நானோ, 105 என்றால் 1 மைக்ரோ.

## படி 2: வேகக் கெபாசிட்டரைக் கண்டுபிடிப்பது

பலகையைத் திறந்ததும் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கிருந்து வந்தது என்ற சண்டை பிறகு வராது.

எட்டுக்கால் ஐசியில் 1, 2 கால்களுக்கு நடுவிலோ 6, 7 கால்களுக்கு நடுவிலோ நேராகப் பாலம் போட்டபடி 0.47 முதல் 2.2 மைக்ரோ வரையுள்ள கெபாசிட்டர் இருந்தால் பெரும்பாலும் அதுதான் ஆள். ஒலி போகும் ஐசியிலும் அதே இடத்தில் கெபாசிட்டர் இருக்கலாம். ஆனால் அது சில பத்து அல்லது சில நூறு பைக்கோ அளவுக்குப் பொடிசாக இருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. பெடலை பேட்டரியில் ஓடவிட்டு, அதே மதிப்புள்ள இன்னொரு கெபாசிட்டரின் கால்களை அந்தக் கெபாசிட்டரின் கால்களோடு தொட்டுப் பிடியுங்கள். துடிப்பு பாதி வேகத்துக்கு இறங்கினால் சரியான ஆளைப் பிடித்துவிட்டீர்கள். எலக்ட்ரோலைடிக் என்றால் கோடு போட்ட பக்கம் மைனஸ். அதை மாற்றித் தொடக் கூடாது. ஆம்ப்ளிஃபயரின் சத்தம் குறைவாக இருக்கட்டும்.

சில பழைய வடிவங்களில் ஐசி இருக்காது. ஒரே டிரான்சிஸ்டரைச் சுற்றி மூன்று கெபாசிட்டர் வரிசையாக நிற்கும். அங்கே மூன்றையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் பத்தில் ஒரு பங்காக்கினால் அலை நின்றே போகலாம்.

## படி 3: கொஞ்சம் கணக்கு

இரண்டு ஆப்-ஆம்ப் அலையாக்கியில், ஒன்று கெபாசிட்டரை நிரப்பிச் சரிவு போடும், மற்றது எல்லையைத் தொட்டதும் திசையைத் திருப்பும். திருப்பும் பகுதியின் இரண்டு ரெசிஸ்டர்களும் 2:1 விகிதத்தில் இருந்தால் கணக்கு சுலபம்: 1ஐ, 2 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர் என்ற பெருக்கல் தொகையால் வகுத்தால் வேகம்.

கெபாசிட்டர் 1 மைக்ரோ, வேகப் பொட் 500 கே, அதோடு தொடராக 47 கே என்று வைத்துக்கொள்வோம். பொட் முழுக்க உள்ளே இருக்கும்போது 547 கே, வேகம் 0.9 ஹெர்ட்ஸ். பொட் வெளியேறி 47 கே மட்டும் மிஞ்சினால் 10.6 ஹெர்ட்ஸ். கடைப் பெடலின் வரம்பு இதுதான். இப்போது 1 மைக்ரோவை 100 நானோவாக்குங்கள். இரண்டும் பத்து மடங்காகி 9 முதல் 106 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும்.

கெபாசிட்டரை விட்டுவிட்டு 47 கேயை 4.7 கே ஆக்கினாலும் 106 ஹெர்ட்ஸைத் தொடலாமே என்று தோன்றும். தொடலாம். ஆனால் 10 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உலகம் முழுதும் குமிழின் கடைசிப் பத்தில் ஒரு பங்குத் திருப்பலுக்குள் நெரிசலாக அடைபட்டுக் கிடக்கும். ஒரு மயிரிழை நகர்த்தினால் பத்து ஹெர்ட்ஸ் தாவும். சோம்பேறிக்கான வழி அது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த நெரிசல் 100 நானோவிலும் ஓரளவு உண்டு. நேர்கோட்டுப் பொட்டாக இருந்தால் பாதி திருப்பியும் 17 ஹெர்ட்ஸ்தான் வரும். 51க்கு மேற்பட்டதெல்லாம் கடைசிப் பத்தில் ஒரு பங்கில். அதனால்தான் சி வகைப் பொட் கேட்டேன். அது வேக முனையை அகலமாக விரித்துக் கொடுக்கும். அதோடு தொடராக 10 கே பொட் ஒன்றை நுண்குமிழாகப் போட்டால் 55 ஹெர்ட்ஸ் அளவில் ஏறக்குறைய இரண்டு அரைஸ்வர தூரத்துக்கு நகர்த்திச் சுருதி கூட்டலாம். இந்தச் சின்னக் குமிழ்தான் மொத்த வேலையிலும் அதிகப் பயன் தருவது என்பது என் எண்ணம்.

## படி 4: சுவிட்ச் பொருத்துவது

பழைய மெதுவேகத்தை இழக்கத் தேவையில்லை. 1 மைக்ரோவை ஈயம் உருக்கிக் கழற்றுங்கள். அதன் இடத்தில் 100 நானோவை நிரந்தரமாக வையுங்கள். கழற்றிய 1 மைக்ரோவை டாகிள் சுவிட்ச் வழியாக 100 நானோவுக்கு இணையாகக் கொடுங்கள். சுவிட்ச் மூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து 1.1 மைக்ரோ, அதாவது 0.8 முதல் 9.7 ஹெர்ட்ஸ் வரை. திறந்தால் மிதமிஞ்சிய வேகம். இப்படிச் செய்தால் சுவிட்ச் நகரும் நொடியில்கூடக் கெபாசிட்டர் இல்லாமல் அலையாக்கி தடுமாறாது.

பெட்டியில் துளை போடும்போது பலகையை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். அலுமினியத் தூள் ஒன்று இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தாலே போதும், காரணம் தெரியாமல் நாள் முழுக்கத் தேட வேண்டி வரும். சுவிட்சுக்குப் போகும் வயர்கள் குட்டையாகவும் ஒலி போகும் வயரிலிருந்து விலகியும் இருக்கட்டும்.

இப்போது ஓட்டிப் பாருங்கள். துடிப்பைக் காட்டும் எல்இடி 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அசையாமல் எரிவது போலத் தெரியும். அது கண்ணின் குறை, பெடலின் குறையல்ல. கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும். 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை ஒளி மின்னுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. மேடையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் எல்இடி மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

## படி 5: எல்டிஆரை வெளியேற்றுவது

இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். அலையாக்கி 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, ஆனால் காதில் விழுவது சற்றே சத்தம் குறைந்த சாதாரணக் கித்தார். குறை அலையாக்கியில் இல்லை. எல்டிஆர் மந்தமானது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஜிஎல்5528இன் தரவுத்தாளில் ஒளிக்கு எழும்ப 20 மில்லிவினாடி, இருட்டுக்கு இறங்க 30 மில்லிவினாடி என்று போட்டிருக்கிறது. 10 ஹெர்ட்ஸில் பாதிச் சுற்றுக்கு 50 மில்லிவினாடி அவகாசம் இருப்பதால் சமாளித்துவிடும். 30 ஹெர்ட்ஸில் அவகாசம் 17 மில்லிவினாடி, 100 ஹெர்ட்ஸில் வெறும் 5. எழுந்து நிற்பதற்குள் உட்காரச் சொன்னால் அது நடுவிலேயே நின்றுகொள்ளும். மெதுவேகத்தில் இந்த மந்தம்தான் பழைய ட்ரெமலோக்களின் வழுவழுப்புக்குக் காரணம். அதற்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நம் காரியத்துக்கு அது ஆகாது.

மாற்று, ஜே113. வீரோபோர்டில் இப்படிக் கட்டுங்கள். ஒலி 10 கே ரெசிஸ்டர் வழியாக வந்து ஒரு சந்திப்பைச் சேரட்டும். அங்கிருந்து அடுத்த ஆப்-ஆம்பின் பிளஸ் காலுக்கு நேராகப் போகட்டும். அதே சந்திப்பில் ஜேஃபெட்டின் ட்ரெயின். சோர்ஸை பெடலின் நடு மின்னழுத்தத்தோடு, அதாவது 4.5 வோல்ட் புள்ளியோடு இணையுங்கள். ஒலியும் அதே 4.5 வோல்ட்டில் நிற்கும் இடத்தில்தான் இந்தப் பகுதியை நுழைக்க வேண்டும். கேட் காலை மட்டும் தரவுத்தாளில் உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ரெயினும் சோர்ஸும் இடம் மாறினாலும் இந்த வேலைக்குக் குற்றமில்லை.

கேட்டுக்கு இரண்டு கட்டளைகள் போக வேண்டும். டிரிம்மரை 4.5 வோல்ட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் போட்டு, அதன் நடுக்காலை 1 மெக் ரெசிஸ்டர் வழியாகக் கேட்டுக்குக் கொடுங்கள், இது நிலை. ஆழப் பொட்டின் நடுக்காலிலிருந்து 1 மைக்ரோ கெபாசிட்டரும் 10 கே ரெசிஸ்டரும் தொடராகக் கேட்டுக்குப் போகட்டும், இது துடிப்பு. கேட் 4.5ஐத் தொடும்போது ஜேஃபெட் முழுக்கத் திறந்து ஒலியை விழுங்கிவிடும். சில வோல்ட் கீழே போனால் மூடிக்கொண்டு ஒலியை விட்டுவிடும். டிரிம்மரின் நடுக்காலில் 3 வோல்ட் அளவில் தொடங்கி, கித்தாரை மீட்டியபடி துடிப்பு ஆழமாகும் இடம் வரை மெல்லத் திருப்புங்கள். ஒரே எண்ணுள்ள ஜே113 இரண்டு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மூடும் மின்னழுத்தம் அரை வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். காதுதான் மீட்டர்.

ஜேஃபெட்டுக்குச் சின்ன ஒலிதான் பிடிக்கும். ஹம்பக்கர் போட்டு ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரக்கும். கித்தாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் தெளியும். நான் பெரும்பாலும் குறைப்பதில்லை. இந்த ஒலிக்குக் கரகரப்பு பொருந்துகிறது.

## படி 6: கசியும் ரீங்காரத்தை அடக்குவது

மெதுவேகத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும் அலையாக்கியின் கசிவு, மிகுவேகத்தில் தொடர் ரீங்காரமாகிவிடும். கம்பியைத் தொடாதபோதும் அது ஒலித்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் மின்வரத்து. அலையாக்கி ஐசிக்குப் போகும் 9 வோல்ட் பாதையில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, ஐசி பக்கத்திலிருந்து 100 மைக்ரோவை நிலத்துக்கு இறக்குங்கள். இந்த வடிகட்டி 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டுப்படுத்தும், எனவே வேகம் ஏற ஏற நமக்குத்தான் லாபம். டிஎல்072 இருந்த இடத்தில் டிஎல்062 செருகினால் மின்சாரம் குறைவாக இழுக்கும், கசிவும் குறையும்.

இரண்டாவது, ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே நிலை மின்னழுத்த வேறுபாடு இருப்பது. இருந்தால் அந்த வேறுபாடே துடித்து ஓசையாகும். சந்திப்புக்கு முன் 1 மைக்ரோ கெபாசிட்டரும், சந்திப்பிலிருந்து 4.5 வோல்ட்டுக்கு 1 மெக்கும் போட்டால் தீரும். மூன்றாவது, சதுர அலையின் கூர்முனை. கேட்டிலிருந்து 4.5 வோல்ட் புள்ளிக்கு 10 நானோ போட்டால் விளிம்பு மழுங்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ மெல்ல அலைமோதினால் சுவரில் இருக்கும் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெடல் 48இல் ஓடும்போது அடாப்டரின் இரைச்சல் நுழைந்தால் வினாடிக்கு இரண்டு அலை என்று ஆடும். பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

## வாசிக்கும்போது

வேகம் நிலையாக நிற்க, நீங்கள் ஸ்வரம் மாற்றினால் கூட்டலும் கழித்தலும் ஒவ்வொரு கட்டையிலும் வேறு வேறு உறவில் விழும். அதனால் ஆதார ஸ்வரத்துக்குப் பெடலைச் சுருதி கூட்டுங்கள். 55 ஹெர்ட்ஸ் வைத்து ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110க்குக் கீழே 55, மேலே 165. ஒரு ஸ்தாயி கீழும் ஒரு பஞ்சமம் மேலும் தானாக வந்து சேரும். 110 வைத்தால் 220 கிடைக்கும். அதே 55இல் நாலாம் கம்பியை மீட்டினால் 92, 202 என்று எங்கும் பொருந்தாத இரண்டு ஓசை வந்து பல்லைக் கூசவைக்கும். அந்தக் கூச்சத்தையும் ஒரு நொடி தொட்டுவிட்டு ஆதாரத்துக்குத் திரும்பினால் நன்றாகத்தான் இருக்கிறது. கார்ட் வாசிப்பதை மறந்துவிடுங்கள். மூன்று ஸ்வரத்தோடு ஆறு ஓசை சேர்ந்தால் சேறுதான்.

வீட்டுப் பயிற்சி ஆம்ப்ளிஃபயரின் சின்ன ஸ்பீக்கரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டது சரியாகக் கேட்காது. கழித்தல் ஓசை காணவில்லை என்று பலகையைத் திரும்பத் திறக்குமுன் நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் ட்ரெமலோவை அதற்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் ஏற்ற இறக்கத்தை நசுக்கிச் சமன் செய்துவிடும், படி 5 வரை பட்ட பாடு பாதிக்கு மேல் வீண்.